எல்லைக் காவல் பதிவேட்டை ஆர்டிஐயில் (தகவல் உரிமைச் சட்டத்தில்) கேட்டால் “8(1)(ஏ)” என்று ஒரே வரி பதில். அடுத்து என்ன செய்வது?

அக்கரைப்பேட்டை_கரை (கேள்வி):
மீனவர் சங்கம் சார்பில் ஒரு ஆர்டிஐ மனு போட்டோம். கடல் எல்லையைப் பார்க்கும் மத்திய அமைப்பான கடலோரக் காவல்படைக்கு, ஒரே மனுவில் ஐந்து கேள்வி:

1. குறிப்பிட்ட தேதியில் கோடியக்கரைக்குக் கிழக்கே பழுதாகி நின்ற விசைப்படகிலிருந்து வந்த அபாய அழைப்பைப் பதிந்த பக்கம்.
2. அன்று ரோந்துப் படகுகள் எங்கெங்கே நின்றன.
3. உதவி ஏன் தாமதமானது.
4. சுங்கத்துறை பிடித்து வைத்திருக்கும் ஒரு பைபர் படகின் மகஜர் (பறிமுதலின்போது எழுதும் ஆவணம்) நகல்.
5. நாகை – காங்கேசன்துறை கப்பலில் மாதவாரியாகப் போய்வந்தோர் எண்ணிக்கை, அதோடு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் போய்வந்த தேதிகள்.

முப்பது நாள் முடியும் நேரத்தில் பதில் வந்தது. மொத்தமே ஒரு வரி: “கோரிய தகவல்கள் பிரிவு 8(1)(ஏ)ன்படி வழங்க இயலாது.” இதோடு விட்டுவிட வேண்டியதுதானா? மேல்முறையீடு செய்தால் எதை வைத்துச் செய்வது?

திருவாரூர்_மனு:
விட வேண்டாம். பதிலில் ஓட்டை இருக்கிறது. உங்கள் மனுவிலும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பதில். மறுத்தால் மூன்று விஷயம் எழுதியாக வேண்டும் என்கிறது ஆர்டிஐ சட்டப் பிரிவு 7(8): மறுப்புக்கான காரணம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு, மேல்முறையீட்டு அலுவலர் யார். பிரிவு எண்ணை மட்டும் எழுதுவது காரணம் ஆகாது. எந்தத் தகவல் வெளியே போனால் எந்த நலன் எப்படிக் கெடும் என்று சொன்னால்தான் காரணம். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பும் 19(5)ன்படி அலுவலருடையதுதான், உங்களுடையது இல்லை.

8(1)(ஏ) என்பது நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு சம்பந்தப்பட்டது. உங்கள் 2ஆம் கேள்விக்கு அது நிச்சயம் பொருந்தும். ரோந்து எங்கே நிற்கிறது என்ற வரைபடத்தை எந்தக் காவல்படையும் தராது, தரவும் கூடாது. அதற்காகச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். மேல்முறையீட்டில் 2ஐ நீங்களே விட்டுவிட்டால் மற்றதற்கு வலு கூடும்.

3ஆம் கேள்வி தகவலே இல்லை. “ஏன்” என்று கேட்டால், “தகவல்” எது என்று சொல்லும் 2(எஃப்)ஐக் காட்டித் தள்ளிவிடுவார்கள். கோப்பில் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைத்தான் தருவார்கள், புதிதாக விளக்கம் எழுதித் தர மாட்டார்கள். அதையே “அழைப்பு தொடர்பாகத் தயாரான சம்பவ அறிக்கையின் நகல்” என்று கேட்டால் அது ஒரு ஆவணம்.

1ஆம் கேள்விதான் உங்கள் உயிர்நாடி. மேல்முறையீட்டில் அதை இப்படிச் சுருக்குங்கள்:

“வரிசை எண் 1: அழைப்பு வந்த நேரம், பதிந்த நேரம், எந்த நிலையத்துக்கு எத்தனை மணிக்குச் செய்தி அனுப்பப்பட்டது ஆகிய மூன்று பத்திகள் மட்டும் போதும். ரோந்துக் கப்பலின் பெயர், அது நின்ற இடம், அலைவரிசை ஆகியவற்றை மறைத்துவிட்டுப் பிரிவு 10ன்படி மீதியின் நகலைத் தரவும்.”

பிரிவு 10 இதற்காகவே இருக்கிறது. ஒரு பக்கத்தில் நான்கு வரி ரகசியம் என்றால் அந்த நான்கு வரியில் மை பூசிவிட்டு மீதியைத் தரலாம். நீங்கள் கேட்காவிட்டால் பெரும்பாலும் அவர்களாக அதைச் செய்வதில்லை. 8(2)ஐயும் ஒரு வரி சேருங்கள்: உயிர்க்காப்பு சம்பந்தப்பட்டது, பொதுநலன் பெரிது என்று.

கெடு: பதில் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில், மிஞ்சிப்போனால் 45 நாளில் அவர்கள் முடிக்க வேண்டும். அதற்குப் பின் 90 நாளுக்குள் டெல்லியில் மத்திய தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

உப்பளத்துக்காரன்:
கடலோரக் காவல்படைக்கு ஆர்டிஐயே செல்லாது, எல்லைப் பாதுகாப்புப் படை மாதிரி அதுவும் 24ஆம் பிரிவில் விலக்குத்தானே? வீண் வேலை.

திருவாரூர்_மனு:
இல்லை அண்ணே, இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. 24ஆம் பிரிவில் விலக்குப் பெற்றவர்களின் பட்டியலான இரண்டாம் அட்டவணையில் இருப்பது எல்லைப் பாதுகாப்புப் படை, இந்தோ-திபெத் காவல்படை, சசஸ்திர சீமா பல், அசாம் ரைபிள்ஸ், உளவு அமைப்புகளான ஐபி, ரா, வருவாய் புலனாய்வு இயக்ககமான டிஆர்ஐ போன்றவை. கடலோரக் காவல்படை அதில் இல்லை, அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். சுங்க ஆணையரகமும் இல்லை. அதனால் இவர்கள் மறுப்பதென்றால் 8 அல்லது 9ஆம் பிரிவுக்குள்தான் காரணம் தேட வேண்டும், 24ஐக் காட்டித் தப்ப முடியாது.

அட்டவணையில் இருப்பவர்களும்கூட ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு என்றால் முழுக்க ஒதுங்க முடியாது. மனித உரிமை என்றால் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தர வேண்டும்.

மயூரம்_நோட்டரி:
4ஆம் கேள்விக்கு வருகிறேன். மகஜருக்கு ஆர்டிஐ சுற்றுவழி. பறிமுதல் நடக்கும்போதே மகஜரில் கையெழுத்து வாங்கி ஒரு நகல் கொடுப்பது நடைமுறை. கொடுக்கவில்லை என்றால், படகு யாரிடமிருந்து பிடிபட்டதோ அவர் எழுத்தில் கேட்கட்டும். படகோடு கணக்குப் புத்தகம், ரசீது, பதிவுச் சான்று என்று காகிதங்களும் போயிருந்தால் சுங்கச் சட்டம் 110(4) கைகொடுக்கும்: யாருடைய வசமிருந்து எடுத்தார்களோ அவர் சுங்க அலுவலர் முன்னிலையில் நகல் எடுத்துக்கொள்ளலாம். இது உரிமை, சலுகை இல்லை. ஆனால் சங்கச் செயலாளர் போய்க் கேட்டால் நடக்காது.

110(2)ஐயும் கவனியுங்கள். பறிமுதல் நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வர வேண்டும். எழுத்தில் காரணம் பதிந்து இன்னும் ஆறு மாதம் வரை நீட்டலாம், நீட்டியதைக் கெடு முடியுமுன் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தத் தேதிகளைக் கேட்க ஆர்டிஐ நல்ல கருவி: “நீட்டிப்பு ஆணையின் நகலும் அனுப்பிய தேதியும்.” இதை நாகையில் போட்டாலும் கடைசியில் திருச்சி சுங்க (தடுப்பு) ஆணையரகத்துக்குத்தான் போகும், நேரே அங்கே போடுவது மேல்.

சுங்கத்துறையில் அடிக்கடி வரும் மறுப்பு 8(1)(ஹெச்), அதாவது விசாரணை கெடும் என்பது. விசாரணை நடக்கிறது என்பதே மறுக்கக் காரணம் ஆகாது, தகவல் தந்தால் அது எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007இல் பகத் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில் அதை ஒரு வரி எழுதுங்கள். துப்புக் கொடுத்தவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள், அது 8(1)(ஜி), எங்கே போனாலும் கிடைக்காது. கோப்பில் டிஆர்ஐ அனுப்பிய கடிதம் இருந்தால் அந்தத் தாள்களும் கிடைக்காது. விலக்குப் பெற்ற அமைப்பு அரசுக்குக் கொடுத்த தகவலுக்கும் 24(1) பொருந்தும்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் ஆர்டிஐயை மறந்துவிட்டு அங்கேயே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள்.

அரசலாறு_காரைக்கால்:
5ஆம் கேள்வி இரண்டு வேறு கேள்வி. பயணிகள் எண்ணிக்கையைக் கடலோரக் காவல்படையிடம் ஏன் கேட்கிறீர்கள்? நாகைத் துறைமுகம் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் கீழ். அவர்களிடம் மாதவாரி எண்ணிக்கை மட்டும் கேளுங்கள், பெயர் வேண்டாம். அது மாநில மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். கப்பல் தொடங்கியது 2023 அக்டோபர் 14, இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. காலத்தைச் சரியாகக் குறிப்பிடாவிட்டால் “தெளிவில்லை” என்று திரும்பும்.

ஊர்க்காரர் போய்வந்த தேதி என்பது இன்னொருவரின் சொந்தத் தகவல், 8(1)(ஜே). 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கிவிட்டது. அவரே தன் பாஸ்போர்ட் முத்திரைப் பக்கத்தை நகல் எடுப்பது ஒரு நிமிட வேலை.

எங்கள் பக்கத்துப் படகாக இருந்தால் ஒன்று கவனிக்கணும். நாகை மீன்வளத்துறை மறுத்தால் இரண்டாம் மேல்முறையீடு சென்னை மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. காரைக்கால் மீன்வளத்துறை மறுத்தால் டெல்லிக்கு, ஏனென்றால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். பத்து பதினைந்து மைல் தூரத்தில் ஆணையமே மாறுது! தப்பாக அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

அக்கரைப்பேட்டை_கரை:
ரொம்ப நன்றி. 1ஐ மட்டும் மேல்முறையீடு, 4க்கும் 5க்கும் தனித்தனி மனு என்று பிரிக்கிறோம். மத்திய மனுவை நாகைத் தலைமை அஞ்சலகத்திலேயே கொடுக்கலாமா? தமிழில் எழுதலாமா? சங்கத்தின் பெயரில் போட்டது தப்பா?

திருவாரூர்_மனு:
அஞ்சலகத்தில் கொடுக்கலாம், ஆனால் அப்போது பதில் தரும் கெடு 30 இல்லை, 35 நாள். தமிழில் எழுதலாம், 6(1) அனுமதிக்கிறது. மேல்முறையீடு டெல்லி வரை போகக்கூடும் என்பதால் ஆங்கிலத்தில் ஒரு பிரதி கூட வைத்தால் நல்லது. தகவல் உரிமை குடிமக்களுக்குத்தான், அதனால் செயலாளர் தன் பெயரில் போட்டு, கீழே பதவியைக் குறிப்பிடட்டும்.

10 ரூபாய் போஸ்டல் ஆர்டரில் “அக்கவுன்ட்ஸ் ஆபீசர்” என்று எழுதி அலுவலகப் பெயரையும் சேருங்கள், வெறுமனே விட்டால் திருப்பி அனுப்புவார்கள். அதன் எண்ணை மனுவிலேயே குறித்துவிட்டு அடிக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். பணம் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் கட்டும் நாள் வரை கெடுவில் சேராது, உடனே கட்டுங்கள்.

அபாய அழைப்புப் பதிவேட்டை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கும். தாமதித்தால் “அழிக்கப்பட்டது” என்று பதில் வரலாம். வந்தால் அடுத்த மனு: அழித்ததற்கான ஆணையும் அழிப்புப் பதிவேட்டுப் பக்கமும்.