தெம்பனிஸ் தண்ணீரில் துவரம்பருப்பு வேகுமா, வேகாதா?

கிழக்குக்கரையான்:
“சிங்கப்பூரில் கடினநீர், அதாவது சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீர், என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்தச் சத்தை நீக்கும் மென்னீராக்கிக் கருவியை வாங்குபவர்கள் காசைத் தண்ணீராய் இறைக்கும் ஏமாளிகள்” என்று சோதனைக்குழாய் என்ற பெயரில் எழுதும் அன்பர் வேறோர் இழையில் தீர்ப்பளித்துவிட்டுப் போயிருக்கிறார். ஜூரோங்கில் உட்கார்ந்துகொண்டு தீவு முழுவதற்கும் தீர்ப்பெழுத அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. தீவின் கிழக்கே தெம்பனிஸில் என் வீட்டுக் குக்கர் ஆறு விசில் அடித்தாலும் துவரம்பருப்பு முழுசு முழுசாகவே நின்றது. அதே பொட்டலத்தில் பாதியை மேற்கே ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கும் மகளிடம் கொடுத்தேன், அங்கே மூன்றாவது விசிலுக்குள் குழைந்துவிட்டது. பருப்பு ஒன்று, தண்ணீர்தான் வேறு.

சோதனைக்குழாய்:
ஏமாளிகள் என்ற சொல்லை நான் திரும்பப் பெறப்போவதில்லை. நம் குழாயில் வருவது உள்ளூர் நீர்த்தேக்கங்களின் மழைநீர், மலேசியாவின் ஜொகூர் ஆற்று நீர், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீர் (NEWater), சுத்திகரித்த கடல்நீர் ஆகிய நான்கிலிருந்தும் பெறப்படும் நீர். புதுநீரின் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போனாலும், வறண்ட மாதங்களில் அது நீர்த்தேக்கங்களிலும் கலக்கப்படுகிறது. மழைநீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. உப்பு நீக்கிய கடல்நீரிலோ அது அறவே போய்விடுவதால், தாதுக்களைத் திரும்பச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். பருப்பு வேகாததற்கு வேறு காரணம் உண்டு. வெப்பமும் ஈரமும் உள்ள கிடங்கில் நாள்பட்டுக் கிடந்த பருப்பு எந்தத் தண்ணீரிலும் எளிதில் வேகாது. தேக்கா கடைத்தெருவில் வாங்கியபோது பொட்டலத்தின் மேலிருந்த தேதியைப் பார்த்தீர்களா?

கிழக்குக்கரையான்:
அதே பொட்டலம் என்று எழுதியிருக்கிறேன். பழைய பருப்பு என்றால் ஜூரோங்கிலும் வேகக்கூடாது அல்லவா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படியுங்கள்.

ஈசூன்_அக்கா:
ஐயா கோபித்துக்கொள்ளக்கூடாது. உங்கள் மகள் பருப்பை ஊறவைத்து வேகவைக்கிறாரா, ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை சேர்க்கிறாரா என்று கேட்டீர்களா? இரண்டு வீட்டுக் குக்கரும் ஒன்றல்ல. கேஸ்கெட் தளர்ந்த குக்கர் விசில் அடிக்கும், ஆனால் உள்ளே அழுத்தம் நிற்காது.

கிழக்குக்கரையான்:
அம்மா, கேஸ்கெட் புதிது. என் மனைவிக்குப் பருப்பு வேகவைக்கத் தெரியாது என்று சுற்றி வளைத்துச் சொல்வதற்குப் பதிலாக நேராகவே சொல்லிவிடலாம்.

சிறுவாணி_மைந்தன்:
இந்த இழையைப் படிக்கும்போது சிரிப்புத்தான் வருகிறது. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு உங்கள் நான்கு வகைத் தண்ணீரும் ஒன்றுதான். மென்னீர் என்றால் அது. சோப்பு நுரையைக் கழுவி முடிக்கவே பாதி வாளி கூடுதலாக வேண்டும். கடினநீர் பார்க்க ஆசையிருந்தால் இராமநாதபுரத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு நாள் தலைக்குக் குளித்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீர்க் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. அந்த 600-ஐயும் தாண்டும் கிணறுகள் எங்கள் பக்கம் உண்டு.

சோதனைக்குழாய்:
நன்றி. ஒப்பிட ஓர் அளவுகோலாவது கிடைத்தது. வழக்கமான வகைப்பாட்டில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 120 வரை மிதமானது, 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். கிழக்குக்கரையான் தம் வீட்டுத் தண்ணீரின் எண்ணைச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.

கிழக்குக்கரையான்:
எண் என்ன எண்? பருப்பு வேகவில்லை என்பதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? சுண்ணாம்புச் சத்து பருப்பின் செல்களுக்கு இடையிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளைப் பிடித்து இறுக்கிவிடுகிறது, அதனால்தான் பருப்பு கரையாமல் நிற்கிறது என்பது நான் கட்டிவிட்ட கதையல்ல, அறிவியல். வீட்டுக்கு வந்த விற்பனையாளர், தண்ணீரில் கரைந்திருப்பதன் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்துக் காட்டினார், எண் ஏறியது. மென்னீராக்கி வாங்கினேன். இப்போது பருப்பு குழைகிறது. அதே பொட்டலம்.

சோதனைக்குழாய்:
பெக்டின் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதற்கும் உங்கள் வீட்டுக் குழாய்க்கும் உள்ள தொடர்பைத்தான் நீங்கள் நிறுவவில்லை. டிடிஎஸ் மீட்டர் நீரின் மின்கடத்தலை அளக்கிறது. சுண்ணாம்பா சோடியமா என்று அதற்குத் தெரியாது. மென்னீராக்கி கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவதால், அதன் வழியாக வந்த நீரிலும் மீட்டர் ஏறக்குறைய பழைய எண்ணையே காட்டும். 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் சேரும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் இதை யோசியுங்கள். இரண்டு கம்பிகளைத் தம்ளரில் விட்டுத் தண்ணீரைப் பழுப்பாக்கும் வித்தையையும் அவர் காட்டினாரா? மின்சாரத்தில் கரைவது இரும்புக் கம்பியே தவிர, உங்கள் தண்ணீரிலிருந்த அழுக்கு அல்ல.

கிழக்குக்கரையான்:
கம்பி கிம்பி எதையும் அவர் காட்டவில்லை. மரியாதையாகப் பேசினார், சிலரைப் போல அல்ல. இட்லி மாவு புளிக்காததற்கும் தட்பவெப்பத்தின் மேல் பழி போட்டு என்னை மடக்கியவர் இந்தச் சோதனைக்குழாய்தான் என்பது பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.

ஈசூன்_அக்கா:
இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? இரண்டு வீட்டுத் தண்ணீரையும் ஒரே மாதிரிப் பாட்டிலில் ஒரே அளவு பிடித்து, சோப்புக் கட்டியிலிருந்து ஒரே அளவு சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்காமல் வெள்ளைத் திரியாகத் திரண்டால் கடினம். திரவ சோப்பு போடாதீர்கள், அது எதிலும் நுரைக்கும்.

கிழக்குக்கரையான்:
சோப்பைக் குலுக்குவதற்கு நான் பள்ளிக்கூடப் பிள்ளையா? குழைந்த பருப்பு கண்ணெதிரே இருக்கும்போது நுரையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

சிறுவாணி_மைந்தன்:
சோப்புச் சோதனையில் சிறுவாணியை வெல்ல எந்தத் தண்ணீராலும் முடியாது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

சோதனைக்குழாய்:
மென்னீராக்கி வந்த பிறகு புதுப் பொட்டலம் வாங்கவில்லை என்கிறீர்களா? பழைய பொட்டலம் இத்தனை நாள் தீராமல் இருந்ததா?

கிழக்குக்கரையான்:
எங்கள் வீட்டில் பருப்பு எப்போது தீர்கிறது என்று கணக்குக் கேட்க நீங்கள் யார்? மென்னீராக்கியின் விலையைத்தான் உங்களால் பொறுக்க முடியவில்லை என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. நாளைக்கு மகள் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து இங்கேயே பருப்பை வேகவைத்துப் படத்துடன் போடுகிறேன்.

சோதனைக்குழாய்:
படத்தில் பொட்டலத்தின் தேதியும் தெரியட்டும்.