குற்றப்புனைவில் புத்திர சோகம்: ஃப்ராய்டை எங்கே பொருத்துவது?

ஏட்டுச்சுரை:
கனாயே மினாதோவின் ‘கன்ஃபெஷன்ஸ்’ (2008) நாவலை உளப்பகுப்பாய்வு வழியில் படித்துக் கட்டுரை எழுதுகிறேன். நாலு வயது மகளைப் பறிகொடுத்த ஆசிரியை மொரிகுச்சியை, ஃப்ராய்டின் 1917 கட்டுரையான ‘துக்கமும் மெலங்கோலியாவும்’ கொண்டு ‘மெலங்கோலியா’ (ஆறாமல் தங்கிவிடும் துயரம்) என்று எழுதினேன். இரண்டு பக்கத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. வேறு பிடி உண்டா? முடிவைப் போட்டு உடைத்தாலும் பரவாயில்லை.

கயல்விழி.ம:
கதாபாத்திரத்துக்கு மருந்துச்சீட்டு எழுதினால் சரக்கு தீரத்தான் செய்யும். சீட்டும் தப்பு. ஃப்ராய்டின் கணக்கில் மெலங்கோலியாவின் அடையாளம் சுயநிந்தனை. இழந்தவர் மேலுள்ள கோபம் தன் மேலேயே திரும்பும். மொரிகுச்சியின் கோபமோ மகளின் சாவுக்குக் காரணமான இரண்டு மாணவர்கள் மேல் குறி தப்பாமல் பாய்கிறது.

1920-இல் வந்த ஃப்ராய்டின் ‘இன்ப நெறிக்கு அப்பால்’ நூலின் இரண்டாம் அத்தியாயத்தை எடுங்கள். அவருடைய ஒன்றரை வயதுப் பேரன், நூல் சுற்றிய மரக்கட்டையைக் கட்டிலுக்குள் எறிந்து ‘ஓ’ (‘போய்விட்டது’) என்கிறான். நூலைச் சுண்டி வெளியே இழுத்து ‘டா’ (‘இதோ’) என்கிறான். அம்மா வெளியே போவதை அவனால் தடுக்க முடியாது, கட்டையைத் துரத்த முடியும். தனக்கு நேர்ந்ததைத் தானே செய்வதாக மாற்றிக்கொள்கிறான். அத்தியாயம் முடியும் இடத்தில் இன்னொன்றும் வருகிறது: டாக்டர் தொண்டையைக் குடைந்த குழந்தை, அதையே விளையாட்டுத் தோழனுக்குச் செய்து, டாக்டருக்குப் பதிலாக அவனிடம் பழி தீர்க்கிறது.

உங்களுக்கான பிடி இதுதான். கடைசி அத்தியாயத்தில் மொரிகுச்சி, அந்த இரு மாணவர்களில் ஒருவனான வாட்டனாபேவுக்குப் போன் போட்டு, அவன் பள்ளியில் வைத்த குண்டை அவன் அம்மா இருக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொல்கிறார். அவனைக் கொல்லவில்லை. தான் பட்டதை அவனைப் பட வைக்கிறார்: உயிராய் நினைத்தவரை இழப்பது, அதில் தன் கையும் இருப்பது.

‘தன் கை’ எங்கே என்று கேட்பீர்கள். முயல் பையைப் பாருங்கள். கடையில் மகள் அடம்பிடித்தும் அம்மா வாங்கித் தராத பை அது. அந்தக் காட்சியைப் பார்த்த மாணவன் வழியாக, அதே பை மின்சாரம் பாயும் பொறியாகிச் சிறுமியிடம் வந்து சேர்கிறது. நீங்கள் தேடிய சுயநிந்தனை அம்மாவின் பேச்சில் அல்ல, இந்தப் பொருளில் இருக்கிறது.

ஏட்டுச்சுரை:
உளப்பகுப்பாய்வாளர்கள் ஆபிரகாம், டோரோக் இருவரும் 1972 கட்டுரையில் சொல்லும் ‘கல்லறை’யும் பொருந்துமா?

பழைய பேப்பர்:
பொருந்தாது. ரகசியம் இருக்கும் கதைக்கெல்லாம் இந்தச் சொல்லைப் போடுவது இப்போது ஒரு வியாதி. அவர்கள் சொல்வது வேறு: வாயால் சொல்லித் துக்கப்பட முடியாதபோது, இழந்ததை முழுதாக விழுங்கி உள்ளே பூட்டிவிடுவது. ஆதாரம் வேண்டுமானால் பேச்சு அறுபடும் இடத்தைக் காட்ட வேண்டும். மொரிகுச்சியோ முதல் அத்தியாயம் முழுக்க வகுப்பின் முன் நின்று எல்லாவற்றையும் கோவையாகக் கொட்டுகிறார்.

அதற்குச் சரியான கதை அகதா கிறிஸ்டியின் ‘தி மிரர் கிராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்’ (1962). நடிகை மரீனா கிரெக்கிடம் ஒரு ரசிகை, காய்ச்சலோடு படுக்கையிலிருந்து எழுந்து வந்து அவரைப் பார்த்த பழங்கதையைப் பெருமையாக அளக்கிறாள். மரீனா பதில் சொல்லாமல், அவள் தோளுக்கு மேலே சுவரில் மாட்டிய மாதாவும் குழந்தையும் படத்தைப் பார்த்து உறைந்து நிற்கிறார். காய்ச்சல் ருபெல்லா (கருவைப் பாதிக்கும் தொற்று), அப்போது மரீனா கர்ப்பிணி, குழந்தை மனவளர்ச்சிக் குறையோடு பிறந்தது. இங்கே குழந்தை சாகவில்லை என்பதைக் கவனியுங்கள். சாவு இல்லாததால் சடங்கும் இல்லை, துக்கம் விசாரிக்க வருவோரும் இல்லை. அந்த உறைந்த பார்வையை மற்றப் பாத்திரங்கள் ஒவ்வொருவரும் எப்படி விவரிக்கிறார்கள் என்று வரிவரியாக எடுத்து எழுதினாலே பாதிக் கட்டுரை ஆயிற்று.

கயல்விழி.ம:
அதை ஒத்துக்கொள்கிறேன். கட்டையை எறிந்த பேரனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவன் அம்மா சோஃபி, ஃப்ராய்டின் மகள், 1920 ஜனவரியில் ஹாம்பர்கில் இன்ஃபுளுவென்சாவில் இறந்தார். உடனே ‘மகளை இழந்த துக்கத்தில் எழுதிய நூல்’ என்று எழுதிவிடாதீர்கள். மகள் நலமாக இருந்தபோதே பாதி முடிந்திருந்தது என்று ஃப்ராய்டே நண்பரிடம் சாட்சி கேட்டு வைத்தார். துக்கம் பற்றி வேண்டுமானால், 1929-இல் மனநல மருத்துவர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தை எடுங்கள்: இழந்தவரின் இடத்தை எதனாலும் நிரப்ப முடியாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்கிறார். பற்று மெல்ல விடுபட்டு வேறொன்றில் ஒட்டும் என்ற 1917 கணக்கோடு இது ஒத்துப்போகவில்லை. உங்கள் கட்டுரையை அந்த முரணிலிருந்து தொடங்கலாம்.