மூடப்போகும் டைவிங் ஆவணத் தளத்தை முழுசா இறக்கி வைப்பது எப்படி?

ஆழம்18 கேட்டது:
நீலாங்கரை பக்கம் இருக்கிற எங்க டைவிங் குழு, டிகம்ப்ரஷன் (ஆழத்துல இருந்து நிறுத்தி நிறுத்தி மேல வர்றது) ரிப்போர்ட், எந்த ஆழத்துல எவ்வளவு நேரம் இருக்கலாம்னு சொல்ற டேபிள், பழைய மேனுவல் எல்லாத்துக்கும் நாலஞ்சு வெளிநாட்டுத் தளங்களைத்தான் நம்பியிருக்கு. அதுல ஒண்ணு மூடப்போறதா அறிவிச்சுட்டாங்க. சுமார் 1,100 பிடிஎஃப். பாதிக்கு மேல தேடல் பெட்டியில தட்டினாத்தான் வரும். இது போக அலமாரியில ஸ்டேப்பிள் அடிச்ச அச்சு ரிப்போர்ட் ஒரு நாற்பது. எப்படி இறக்கணும், எதுல வைக்கணும்? பழைய வலைப்பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின்ல இருக்குமே, அது போதாதா?

வலைச்சுருள்:
போதாது. லிங்க்கைப் பிடிச்சுப் போய்த்தான் அது பக்கங்களை எடுக்கும். தேடல் பெட்டிக்குப் பின்னால இருக்கிற ஃபைலுக்கு லிங்க்கே கிடையாது, அதனால அங்கே அது போயிருக்காது.

முதல்ல தளம் எந்த மென்பொருள்ல ஓடுதுன்னு பாருங்க. ஆவணக் களஞ்சியங்களுக்கான டிஸ்பேஸ்னா அதிர்ஷ்டம்: ஓஏஐ-பிஎம்எச்ங்கிற விவரப் பட்டியல் கேட்கிற வழிமுறை மூலமா தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, முகவரி மொத்தத்தையும் பட்டியலா இழுத்துடலாம். அந்தப் பட்டியலை, தானா இறக்குற டபிள்யூகெட் மென்பொருளுக்குக் கொடுங்க. வார்க்ங்கிற வலைக் காப்பக ஃபைலாவும் சேமிக்கச் சொல்லுங்க, எந்தத் தேதியில எந்த முகவரியில இருந்து வந்ததுங்கிற சாட்சி அதுலதான் இருக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் நடுவுல 3 வினாடியாவது இடைவெளி விடுங்க. அவசரப்பட்டா சர்வர் உங்க ஐபியைத் தடுத்துடும், கடைசி வாரத்துல யாரும் திறந்துவிட மாட்டாங்க. பட்டியல் எடுக்கவே முடியாத தளம்னா பிரவுசர்ல ஆர்க்கைவ்வெப் எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கிட்டு, நாலு பேர் ஆண்டு வாரியாப் பிரிச்சுக் கையால தேடித் திறக்கணும். திறக்கிறதெல்லாம் பதிவாகும்.

இறக்கின பிறகு ஃபைல்களை அளவு வாரியா அடுக்குங்க. 6 கேபி, 9 கேபின்னு வரிசையா நிக்கிறது பெரும்பாலும் ரிப்போர்ட்டா இருக்காது. 'பக்கம் இல்லை'ங்கிற செய்திதான் பிடிஎஃப் பேர்ல வந்திருக்கும். நோட்பேடில் திறந்தா முதல் எழுத்தே சொல்லிடும்: அசல் பிடிஎஃப் சதவீதக் குறியோட ஆரம்பிக்கும், போலி கோண அடைப்புக்குறியோட. பாதியில அறுந்த ஃபைலை கியூபிடிஎஃப்ங்கிற மென்பொருளோட சோதனை காட்டிக் கொடுக்கும். இதைத் தளம் உயிரோட இருக்கும்போதே செய்யணும். மூடின பிறகு தெரிஞ்சு பிரயோஜனமில்ல.

ஸ்கேன்மேசை:
அச்சு ரிப்போர்ட்டுக்கு வர்றேன். ஸ்டேப்பிளைப் பிடுங்காதீங்க, கடற்காத்துல துரு ஏறிப்போய் தாளோட வந்துடும். பின்பக்கம் கால் ரெண்டையும் நிமிர்த்திட்டு மெதுவா உருவுங்க. லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

எழுத்துப் பக்கம் 300 டிபிஐ, டேபிள் இருக்கிற பக்கம் 400, ரெண்டுமே கிரேஸ்கேல்ல. கருப்பு-வெள்ளையில போட்டா மங்கின 3-ம் 8-ம் ஒண்ணாத் தெரியும். ஃபைல் சின்னதா வரணும்னு 'ஹை கம்ப்ரஷன்' தேர்வு பண்ணிடாதீங்க, அங்கதான் பெரிய ஆபத்து. ஜேபிக்2ங்கிற படச் சுருக்க முறையில இழப்போட சுருக்கும்போது, ஒரே மாதிரித் தெரியிற உருவங்களுக்கு மெஷின் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டும். 2013-ல் அலுவலக மெஷின்கள்ல 6 இருந்த இடத்துல 8 விழுந்தது வெளியே வந்ததே, அது இதனாலதான். பக்கம் மங்கலா இருந்தா சந்தேகப்பட்டு அசலைத் தேடுவோம். இதுல எண் பளிச்சுன்னு, தப்பா இருக்கும். டேபிள்ல ஒரு நிமிஷம் மாறினா அது டைவரோட உடம்புல போய் நிக்கும்.

ஸ்கேன் பண்ணின அசலை, இழப்பில்லாத டிஃப் படமா வைங்க. அதுல இருந்து ஓசிஆர்-மைபிடிஎஃப் மென்பொருள் போட்டு பிடிஎஃப்/ஏ (நீண்ட காலச் சேமிப்புக்கான பிடிஎஃப்) எடுங்க. ஓசிஆர், அதாவது படத்துல இருந்து மெஷின் படிச்சு எடுத்த எழுத்து தேடுறதுக்கு மட்டும்தான், எண்ணுக்கு அதை நம்பாதீங்க. டேபிளை எக்ஸெல்ல கொண்டுவரணும்னா ரெண்டு பேர் தனித்தனியா தட்டி, ரெண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வர்ற கட்டத்துக்கு அசல் தாளைப் பாருங்க.

ஆழம்18:
நன்றி. அமெரிக்கக் கடற்படை மேனுவல் மட்டும் அஞ்சாறு பதிப்பு கிடக்கு. ரிவிஷன் 7 இருக்கும்போது பழசைத் தூக்கிடலாமா? இடம் மிச்சமாகும்.

ஸ்கேன்மேசை:
தூக்கவே கூடாது. 1957 டேபிள்ல டிகம்ப்ரஷன் நிறுத்தம் இல்லாம 80 அடியில 40 நிமிஷம், 70 அடியில 50. 2008-ல் ரிவிஷன் 6 தால்மான்ங்கிற புது டிகம்ப்ரஷன் கணக்குமுறைக்கு மாறினப்போ அது 39, 48 ஆச்சு. 1990-ல நடந்த ஒரு டைவைப் பத்தின ரிப்போர்ட்டைப் படிக்கிறவருக்கு அப்போ இருந்த டேபிள்தான் வேணும். ஆனா எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டினா புதுசா வர்ற பையன் பழசை எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குள்ள இறங்கிடுவான். 'வரலாறு' ஃபோல்டரைத் தனியா வைங்க. ஃபைல் பேர் ஆண்டு, நிறுவனம், ரிப்போர்ட் எண், ரிவிஷன்ங்கிற வரிசையில. அடியா மீட்டரான்னு குறிப்புல கட்டாயம் எழுதுங்க.

உப்புக்காற்று:
சேமிப்பு பத்தி. மூணு நகல், அதுல ஒண்ணு வெளியூர்ல. வேளச்சேரியில ஒண்ணு, பள்ளிக்கரணையில ஒண்ணுன்னு வச்சா அது ரெண்டு நகல் கணக்கில்ல. 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் அப்பவும் ரெண்டு இடத்துலயும் தண்ணி நின்னுச்சு. கோயம்புத்தூர்லயோ திருச்சியிலயோ ஒருத்தர்கிட்ட கொடுங்க. இங்கே இருக்கிறது மாடியில இருக்கட்டும்.

எஸ்எஸ்டியை (சுழலுற பாகம் இல்லாத டிஸ்க்) கரன்ட் கொடுக்காம அலமாரியில போட்டு வைக்காதீங்க. சார்ஜ் கசியும், நம்ம ஊர் சூட்டுல இன்னும் சீக்கிரம். சுழலுற ஹார்ட் டிஸ்க் போதும். காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்க. நீலம் ரோஸ் ஆனா மாத்தணும்னு அர்த்தம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாட்டி ஓட விடுங்க.

முதல் நாளே எல்லா ஃபைலுக்கும் எஸ்எச்ஏ-256 (ஃபைல்ல ஒரு எழுத்து மாறினாலும் மாறிடுற கைரேகை மாதிரி எண்) பட்டியல் எடுத்து டிஸ்க்லயும் அச்சிலும் வைங்க. அரையாண்டு சோதனையில ஒரு வரி பொருந்தலைன்னா அந்த ஃபைலை மட்டும் வெளியூர் நகல்ல இருந்து எடுக்கலாம். நகலை நகலோட ஒப்பிட்டா எது கெட்டதுன்னு தெரியாது.

ஒண்ணு கவனிங்க: அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியில எழுதின ரிப்போர்ட்டுக்கு அங்கே காப்புரிமை கிடையாது. அதை இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஏத்திட்டா இன்னொரு நகல் தானா ஆகிடும். சங்கங்களோட ஜர்னல் அப்படியில்ல. தளம் நடத்துறவங்களுக்கு இன்னிக்கே மெயில் போட்டு அனுமதி கேளுங்க, கூடவே டேட்டாபேஸ் டம்ப்பும் (தளத்தோட மொத்தத் தரவு நகல்) கேளுங்க. கொடுத்தாங்கன்னா கையால தேடுற வேலை பாதி மிச்சம்.