ஈரக் காற்றில் சிடி கெட்டால்: மென்பொருள் வட்டுகளைக் காப்பாற்றிய அனுபவங்கள்

குன்னூரிலிருந்து:

டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் இன்றைக்கும் ஒரு பழைய தமிழ் எழுத்துரு மென்பொருளில்தான் அடிக்கிறோம். அதை விற்றவர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். சிடி போனால் போனதுதான்.

ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு அதை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். லேபிள் பக்கத்து ஓரத்தில் வெள்ளை நூல் இழை மாதிரி பூஞ்சை. சிடியில் உலோகப் படலம் லேபிளுக்கு அடியிலேயே இருக்கிறது. மேலே மெல்லிய பூச்சு மட்டும்தான். அதனால் கீழ்ப்பக்கக் கீறலைவிட மேல்பக்கச் சேதத்துக்குத்தான் பயப்பட வேண்டும். டிவிடியில் அந்தப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தேவலை.

ஃபைல்களை மட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டால் போதாது. சில இன்ஸ்டாலர்கள் சிடிக்கு வைத்திருக்கும் பெயரை (வால்யூம் பெயர்) தேடும். கம்ப்யூட்டரையே அதிலிருந்து இயக்கும் பூட் சிடி என்றால், அந்த பூட் பகுதி கூடவே வராது. முழு வட்டையும் அப்படியே ஒரே ஃபைலாக, அதாவது ஐஎஸ்ஓ இமேஜாக எடுக்க வேண்டும். எடுக்க ஆரம்பித்தால் டிரைவ் வேகம் பிடிப்பதும் திணறுவதுமாக, பாதியில் நின்றுவிட்டது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளைப் போட்டேன். படிக்க முடிகிற இடத்தை முதலில் அள்ளிவிட்டு, மக்கர் பண்ணும் இடத்துக்கு அப்புறம் திரும்பி வருகிறது. வந்தது எது, வராதது எது என்று மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால், பக்கத்துக் கடை டிரைவில் அதே சிடியைப் போட்டு மிச்சத்தைத் தொடர்ந்தேன். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டரை (வட்டின் சிறு துண்டை) இன்னொன்று படித்துவிட்டது!

இமேஜ் கிடைத்ததும் அதன் ஷா-256 ஹாஷை, அதாவது ஃபைலில் எது மாறினாலும் காட்டிக்கொடுக்கும் கைரேகை மாதிரியான குறியீட்டை, நோட்டில் எழுதினேன். புது சிடியில் குறைந்த வேகத்தில் எழுதி, வேறொரு டிரைவில் திரும்பப் படித்து ஒப்பிட்டேன். 'எழுதி முடிந்தது' என்று திரையில் வருவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்காத காப்பி, காப்பியே இல்லை.

சட்டப்படி சரியா என்று சிலர் தயங்குகிறார்கள். முறையாக வாங்கிய மென்பொருளுக்கு, தொலைந்தாலோ கெட்டாலோ உதவ பேக்கப் எடுத்துக்கொள்ள 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவே இடம் தருகிறது. அடுத்தவருக்குக் கொடுக்க அல்ல.

கொடைக்கானலிலிருந்து:

அண்ணா, இங்கேயும் அதே பூஞ்சைதான். ரத்தப் பரிசோதனை மெஷினோடு வந்த டிரைவர் சிடியை நானும் இப்படித்தான் மீட்டேன். இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். சில்லிட்ட வட்டை ஹீட்டர் ஓடும் அறைக்குக் கொண்டுவந்தால் மேலே நீர் கோத்துக்கொள்ளும். காயும்வரை டிரைவில் போடாதீர்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும், டிரைவின் பிழைதிருத்தத்தாலும் ஈடுகட்டுவது கஷ்டம்.

நாமே டிரைவில் எழுதிய சிடிக்கு வெயிலும் ஆகாது. அதன் சாயப் படலம் வெளிச்சத்தில் கெடும். என் வட்டுகள் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில், அலமாரிக்குள். இமேஜின் இன்னொரு பிரதி வத்தலகுண்டில் அக்கா வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. கீழே போகும்போதெல்லாம் ஹாஷ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.