ஓசானாம் பற்றி எழுதுமுன் சில ஐயங்கள்

கேள்வி:
அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) பிரெடெரிக் ஓசானாம் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையை அவர் தனியாளாக நிறுவினார் என்று சிலர் எழுதுகிறார்கள், நண்பர்களோடு சேர்ந்து என்று வேறு சிலர். எது சரி? அவர் குருவா? பேராசிரியர் என்றால் எந்தப் பாடம்? ஏழைகளுக்கு ஆரம்பத்தில் உண்மையில் என்ன கொடுத்தார்கள்?

பதில் 1:
"தனியாள்" என்று எழுதிவிடாதீர்கள். 1833 ஏப்ரல் 23 மாலை பாரிஸில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கூடியவர்கள் ஏழு பேர்: ஆறு மாணவர்கள், அவர்களோடு அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் இம்மானுவேல் பாய்யி. முதல் தலைவரும் பாய்யிதான். மிலானில் பிறந்து லியோனில் வளர்ந்த ஓசானாமுக்கு அன்றுதான் 20 வயது நிறைந்தது. வின்சென்ட் பெயர்கூட பிறகு வந்ததே; விதிமுறையை எழுத்தில் வைத்தது 1835-இல்.

குரு அல்ல, கடைசிவரை பொதுநிலையினர். 1841 ஜூன் 23 லியோனில் அமெலி சுலாக்ருவாவை மணந்தார். ஒரே மகள் மரி, 1845-இல் பிறந்தாள்.

பதில் 2:
என்ன கொடுத்தார்கள் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த மாணவர்களுக்கு ஏழைகளின் வீடு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பாரிஸின் முஃப்தார் தெருப் பகுதியில் பல ஆண்டுகள் உழைத்த அருட்சகோதரி ரோசலி ராந்துவிடம் போனார்கள். எந்தெந்தக் குடும்பத்தைப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் அவரே. மாணவர்களின் கையில் பணம் இல்லாததால் ரொட்டிச் சீட்டுகளையும் அவரே கொடுத்து உதவினார். சீட்டைக் கடையில் கொடுத்தால் ரொட்டி கிடைக்கும். வாரம் ஒருமுறை கூட்டம், வீட்டுக்கு இருவர் இருவராகப் போவது, கூட்டம் முடியும்போது உறுப்பினர்களிடமே காணிக்கை எடுப்பது: இவ்வளவுதான் அமைப்பு.

எங்கே பிசகும் என்பதையும் ஓசானாம் கண்டிருந்தார். வயிற்றை மட்டும் பார்க்கும் உதவி வாங்குகிறவரைத் தாழ்த்தும். உட்கார்ந்து பேசி, கையைப் பற்றி, அவரிடமிருந்தும் பெற்றுக்கொள்ளும் உதவி அவரைப் பெருமைப்படுத்தும். 1848-இல் இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார். சீட்டை நீட்டிவிட்டு வாசலோடு திரும்புவது அவருக்குப் போதவே இல்லை.

பதில் 3:
படிப்பைத் தனியாகவும் தொண்டைத் தனியாகவும் எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள். சட்டத்தில் முனைவர் 1836. இலக்கியத்தில் 1839, இத்தாலியக் கவிஞர் தாந்தே பற்றிய ஆய்வு. 1840-இல் ஆசிரியப் பணிக்கான அக்ரெகாசியோன் போட்டித் தேர்வில் முதலிடம். பேராசிரியர் ஃபோரியேலுக்குப் பதிலாகப் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு இலக்கியம் கற்பித்து, 1844-இல் அந்தப் பேராசிரியர் பதவியையே பெற்றார். அதற்குமுன் லியோனில் வணிகச் சட்டம் சொல்லிக்கொடுத்தபோது, கூலி தொழிலாளியின் பிழைப்புக்கு மட்டுமல்ல, பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக்கும் ஆக வேண்டும் என்றார்.

ரோமப் பேரரசு சாய்ந்தபோது காட்டுமிராண்டிகள் எனப்பட்ட, புதிதாய் வந்த இனங்களிடம் திருச்சபை போனதைப் படித்தவர் அவர். அதனால்தான் 1848-இல் "காட்டுமிராண்டிகளிடம் போவோம்" என்றார். இதை வசைச்சொல் என்று வாசிப்பவர்கள் உண்டு. தேவைகள் மிகுந்தும் உரிமைகள் குறைந்தும் இருக்கும் மக்களைத்தான் அவர் குறித்தார். அதே ஆண்டு பாரிஸ் தொழிலாளர்களின் ஜூன் கலவரத்தில் பாரிஸ் பேராயர் அஃப்ரைச் சமாதானத்துக்குப் போகும்படி வேண்டியவர்களில் அவரும் ஒருவர். தடுப்பரணில் சுடப்பட்டுப் பேராயர் இறந்தார்.

பதில் 1 தந்தவர்:
தேதி ஒன்றைச் சேர்க்கிறேன், அதில்தான் அடிக்கடி தப்பு வருகிறது. அவர் மார்செய்யில் காலமானது 1853 செப்டம்பர் 8, வயது 40. ஆனால் திருச்சபையில் அவர் நினைவுநாள் செப்டம்பர் 9, ஏனென்றால் 8-ஆம் தேதி மரியன்னையின் பிறப்பு விழா. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அருளாளராக அறிவித்தது 1997 ஆகஸ்ட் 22, பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தில். கல்லறை பாரிஸில் கார்ம் ஆலயத்தின் நிலவறையில் இருக்கிறது, மார்செய்யில் அல்ல.