கலைச்சொல்: பக்குவநிலையா, ஆயத்தநிலையா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

பணி செய்பவரின் நிலைக்கேற்பத் தலைவர் தம் பாணியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே 'சிச்சுவேஷனல் லீடர்ஷிப்' கோட்பாடு. அதன் கலைச்சொற்களைத் தமிழாக்கும் நம் உரையாடலில், அப்பெயருக்குச் 'சந்தர்ப்பத் தலைமைத்துவம்' என்று வந்த முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. தேர்தல் காலந்தோறும் எங்கள் இலங்கை மலையகத்தில் அடிபடும் 'சந்தர்ப்பவாதம்' அதற்கு மிக அருகில் நிற்பதால், ஹட்டனில் ஒரு பயிற்சி வகுப்பில் இதை உச்சரித்தால் முன்வரிசையிலேயே சிரிப்பு எழும். 'சூழ்நிலைத் தலைமைத்துவம்' புழக்கத்தில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் போல் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் 1969இல் முன்வைத்த இக்கோட்பாட்டில் சூழ்நிலை என்பது சந்தையோ காலநிலையோ அன்று. பணி செய்பவர் அந்தப் பணிக்கு எவ்வளவு தயார் என்பதே. ஆகவே 'ரெடினஸ்' என்பதற்கான சொல்லைத்தான் நாம் நிதானமாகத் தெரிய வேண்டும்.

அதற்கு 'பக்குவநிலை' என்பது காதுக்கு இனிய சொல்தான். எனினும் அது ஆளை எடைபோடுகிறது. தொடக்கத்தில் 'முதிர்ச்சி' என்ற பொருளிலேயே எழுதிய ஹெர்சி பின்னர் அதைக் கைவிட்டு 'ரெடினஸ்' என்று மாற்றிக்கொண்டிருக்க, நாம் பழைய சொல்லுக்குத் திரும்புவது முறையன்று. இருபது ஆண்டுகளாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு நிரையில் எந்தக் கொழுந்தை எடுப்பது, எதை விடுவது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அவரையே தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்கும் கவ்வாத்து மலைக்கு அனுப்பினால், கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதிலிருந்து காட்டிக்கொடுக்க வேண்டும். அவருடைய பக்குவம் ஒரே இரவில் குறைந்துவிடவில்லை, வேலைதான் மாறியிருக்கிறது.

எனவே என் தெரிவு 'ஆயத்தநிலை'. உளவியலாளர் தோர்ண்டைக்கின் கற்றல் விதிகளுள் ஒன்றான 'ஆயத்த விதி'யை ஆசிரியர் பயிற்சியில் படித்தவர்களுக்கு இது புதிய சொல்லும் அன்று. ஒரு குறை உண்டு: 'புறப்பட ஆயத்தம்' என்னும்போது விருப்பம் மட்டுமே தொனிக்கிறது, திறன் மறைந்துவிடுகிறது. கோட்பாட்டில் இரண்டும் வேண்டும் என்பதால், 'ஒரு குறித்த பணியைச் செய்வதற்கான திறனும் விருப்பும்' என்ற வரைவிலக்கணத்தைச் சொல்லோடு சேர்த்தே பதிவது நல்லது.

இது வெறும் ஏட்டுத் திருத்தம் அன்று. ஆயத்தநிலையின் நான்கு படிநிலைகளில், திறன் இருந்தும் தயங்குபவரே மூன்றாம் படிநிலை. அதிகம் தவறாகப் படிக்கப்படுபவரும் அவர்தான். புதிதாகக் கங்காணி, அதாவது தொழிலாளர் மேற்பார்வையாளர், ஆக்கப்பட்ட பெண்ணொருவருக்கு மலையும் தெரியும், ஆட்களும் தெரியும். வேலை பிரிக்கும் காலைக் கூட்டமான பெரட்டில் தன்னைவிட மூத்த ஆண்களுக்கு வேலை பிரித்துச் சொல்லத்தான் நா எழாது. தோட்டத்தின் துணை முகாமையாளரான சின்னத்துரை அவருக்கு ஒவ்வொன்றாகக் கட்டளையிட்டால் தயக்கம் கூடும். "நாளைக்கு எந்த மலையில தொடங்கலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு, கூடவே முடிவெடுப்பதைத்தான் கோட்பாடு இங்கே பரிந்துரைக்கிறது.

கோட்பாடு கூறும் நால்வகைத் தலைமைப் பாணிகளான 'டெல்லிங்', 'செல்லிங்', 'பார்ட்டிசிபேட்டிங்', 'டெலிகேட்டிங்' என்பவற்றுக்கு முறையே பணித்தல், இசைவித்தல், கலந்து முடிவெடுத்தல், கையளித்தல் என்பவற்றை முன்வைக்கிறேன். இரண்டாவதை 'விற்றல்' என்று எழுதினால் தரகு வேலைபோல் ஆகிவிடும். நான்காவதற்கு 'ஒப்படைத்தல்' என்று தமிழக நண்பர்கள் எழுதியிருந்தார்கள். இலங்கையில் 'ஒப்படை' என்றால் மாணவர் செய்து கொடுக்கும் வேலை என்பதால் குழப்பம் வரும். 'அதிகாரத்தைக் கையளித்தல்' என்பது இங்கு பழகிய வழக்கு. 'இசைவித்தல்' மட்டும் எனக்கே முழு நிறைவு தரவில்லை. விளக்கம் சொல்லி உடன்படச் செய்வது என்ற இரு பொருளையும் தாங்கும் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.