‘டெசர்ட் பூட்ஸ்’ தமிழில்? வெள்ளி மாலைக்குள் வேண்டும்

திருநகர்:
எல்லாருக்கும் வணக்கம். ஆண்கள் துணிக்கடை ஒன்றின் தீபாவளிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. சட்டை, பேண்ட் எல்லாம் ஓடிவிட்டது, ‘டெசர்ட் பூட்ஸ்’ வந்ததும் வண்டி நின்றுவிட்டது. கணுக்கால் மட்டும் ஏறும், பக்கத்துக்கு இரண்டு துளை, லேஸ், மேலே சொரசொரப்பான ஸ்வேட் தோல், அடியில் கிரேப் ரப்பர். இதை ஜீன்ஸோடு எப்படிப் போடுவது, சீனோ என்னும் பருத்திப் பேண்டோடு எப்படி என்று இரண்டு பக்கம். தலைப்பில் ‘ஸ்மார்ட் கேஷுவல்’ வேறு. ‘பாலைவனக் காலணி’ என்றால் ஒட்டகக்காரர் ஞாபகம் வருகிறது. ‘டெசர்ட்’ என்றே விட்டால் ஐஸ்கிரீமா என்று மகள் கேட்கிறாள்.

மேலூர்:
இதற்கா தவிப்பு? பெரும்பாணாற்றுப்படையில் ‘அடிபுதை அரணம்’ இருக்கிறதே! பொதி சுமந்த கழுதைகளோடு காட்டுவழி போகும் வணிகர் காலில் போட்டிருந்தது. அடியைப் புதைத்துக் காக்கும் அரண். பட்டினப்பாலையில் ‘தொடுதோல்’ உண்டு, ஆனால் அது எல்லாச் செருப்புக்கும் பொருந்திவிடும். ‘அடியரணம்’ என்று சுருக்கிப் போடுங்கள், தீர்ந்தது.

அண்ணாநகர்:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ‘இந்த அடியரணத்தை வெளிர்பழுப்பு சீனோவோடு அணிக’ என்று ஒரு பையன் படித்தால் சண்டைக்குப் போகிறோம் என்றுதான் நினைப்பான்.

ஒத்தக்கடை:
பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுச் சொல் தேடலாம். இங்கிலாந்தின் கிளார்க்ஸ் காலணி நிறுவனக் குடும்பத்து நேதன் கிளார்க் 1941இல் படையோடு பர்மாவில் இருந்தார். அங்கே அதிகாரிகள் சிலர் ஓய்வு நேரத்தில் போட்டிருந்த ஸ்வேட் பூட்ஸ் அவர் கண்ணில் பட்டது. அது கெய்ரோ கடைத்தெருவில் தைத்தது. அதைப் பார்த்து இவர் ஒன்று செய்து 1949இல் சிகாகோ காலணிக் கண்காட்சியில் வைத்தார், ஓடியது. ஆக, பார்த்தது பர்மா, தைத்தது எகிப்து, விற்றது அமெரிக்கா. பாலை பெயரில் மட்டும்தான். நம் ஆட்கள் 1942இல் அதே பர்மாவிலிருந்து எத்தனை பேர் வெறுங்காலோடு நடந்தே வந்தார்கள் என்பது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

மேலூர்:
பாலை பெயரில் மட்டும் என்றால் அதையே பிடித்துக்கொள்வோம். ‘பாலையரணம்’. முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்தால் பாலை என்று இளங்கோவடிகள் சொன்னதே கண்ணகியும் கோவலனும் மதுரைக்கு நடந்த வழியைப் பற்றித்தானே! நம் ஊர்ச் சொல் ஐயா.

அண்ணாநகர்:
பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. புது மாப்பிள்ளை இதைப் போட்டுக்கொண்டு மாமனார் வீட்டு வாசலில் நின்றால் என்ன அர்த்தம்?

ஆரப்பாளையம்:
யாரும் கவனிக்காத ஒன்று. ‘பூட்ஸ்’ என்பதே நம் ‘பூட்டு’தான். மாட்டை ஏரில் பூட்டுகிறோம், நாணை வில்லில் பூட்டுகிறோம், காலைத் தோலில் பூட்டினால் பூட்டு, அதோடு ‘ஸ்’ ஒட்டிக்கொண்டது. அதனால் ‘பாலைப்பூட்டு’.

ஒத்தக்கடை:
அண்ணே, அது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். வேர் வேண்டுமென்றால் ‘சக்கா’ பக்கம் போங்கள். டெசர்ட் பூட்ஸ் சக்கா பூட்ஸில் ஒரு வகை. அந்தப் பெயர் குதிரைமேல் ஆடும் போலோவிலிருந்து வந்தது என்பார்கள். அந்த ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு சக்கர், அது இந்தியின் சக்கர், அதற்கு மூலம் சக்கரம். அதற்காக ‘சக்கரக்காலணி’ என்று போட்டால் ஸ்கேட்டிங் ஷூ வாங்க ஆள் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரப்பாளையம்:
பிரெஞ்சுக்கு எங்கிருந்து போனது என்று யாராவது கேட்டீர்களா?

திருநகர்:
நாளை மறுநாள் அச்சு. பையன்கள் யாராவது இதை நிஜமாகப் போடுகிறீர்களா? கையேட்டில் இருப்பது சரியா என்றாவது சொல்லுங்கள்.

அண்ணாநகர்:
நான் போடுகிறேன் சார். மடிப்புக் கலையாத ஆபீஸ் பேண்டோடு சேராது, கோட்டு சூட்டோடு சுத்தமாகச் சேராது. அடர்நீல ஜீன்ஸ் அல்லது சீனோ, கால் ரொம்ப இறுக்கமும் வேண்டாம், தொளதொளப்பும் வேண்டாம். பேண்ட் நுனி பூட்ஸின் வாயைத் தொட்டு நிற்க வேண்டும், நீளம் கூடினால் கீழே சுருண்டு விழுந்து லேஸை மூடிவிடும், ஒரே ஒரு மடிப்பு மடித்துக்கொள்ளலாம். சாக்ஸ் பேண்ட் நிறத்தில். மேலே பருத்தி முழுக்கைச் சட்டை போதும், விசேஷம் என்றால் உள்துணி வைக்காத லேசான பிளேசர். பூட்ஸிலும் பெரும்பாலும் உள்துணி கிடையாது, அதனால் நம் வெயிலுக்குத் தாங்கும். பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஸ்வேட் பாழ், பிரஷ்தான். மழையில் கிரேப் வழுக்கும், மாசி வீதிப் புழுதியை அப்படியே ஒட்டிக்கொண்டும் வரும். கோயில் வாசலில் கழற்றுவது சுலபம், இரண்டே துளைதானே.

திருப்பரங்குன்றம்:
பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். இவ்வளவு நேரம் தம்பி ‘பூட்ஸ்’ என்றுதான் எழுதினார், யாருக்கும் புரியாமல் போகவில்லை. எங்கே ஏறுகிறது என்று சொன்னால் போதும். ‘கணுக்காலணி’ எப்படி?

மேலூர்:
அம்மா, கணுக்கால் அணி என்றால் சிலம்பு! மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஆம்பிளைப் பையனுக்கு அதைக் கொடுக்கலாமா? ஏற்கெனவே ஒரு சிலம்பால் ஊர் எரிந்தது போதும்.

திருப்பரங்குன்றம்:
சரி, அப்படியே பிரித்து ‘கணுக்கால் பூட்ஸ்’ என்று வைத்துக்கொள்வோம். சிலம்பும் இல்லை, ஒட்டகமும் இல்லை.

ஒத்தக்கடை:
கணுக்கால் பூட்ஸ் எத்தனையோ வகை இருக்கிறது, இது அதில் ஒன்று. ஆனால் நேரமில்லை என்பதால் ஒப்புக்கொள்கிறேன். முதல் தடவை வரும் இடத்தில் ‘டெசர்ட் எனப்படும்’ என்று சேர்த்துவிடுங்கள்.

ஆரப்பாளையம்:
‘கணுக்கால் பூட்டு’ என்றால் நானும் கை தூக்குகிறேன்.

திருநகர்:
அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ‘டெசர்ட் எனப்படும் கணுக்கால் பூட்ஸ்’. ஸ்மார்ட் கேஷுவலுக்கு ‘மிடுக்கான எளிய உடை’ என்று போட்டேன், அதை இங்கே கேட்டிருந்தால் பொங்கலுக்குத்தான் கையேடு வரும். ‘ஸ்வேட்’ அப்படியே இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

மேலூர்:
அச்சான பிறகு என்ன செய்வது. ஆனால் ‘அடியரணம்’ தோற்கவில்லை, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ‘மிடுக்கு’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன். அது யானைக்கும் காளைக்கும் சொல்லும் சொல், சட்டைக்கு எப்படி வந்தது?